புதுச்சேரியில் கடலோரம் குடியேறுவதற்கு முன்

புதுச்சேரியில் வீடு பார்க்க வருகிறவர்கள் தரகரிடம் முதலில் கேட்பது, "மாடியிலிருந்து கடல் தெரியுமா?" தெரியும் என்றால் வாடகை ஏறும். உண்மையில் கேட்க வேண்டியவை மூன்று: கடல் எத்தனை மீட்டர், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, மழை பெய்தால் தெரு எந்தப் பக்கம் வடியும். இவற்றுக்குப் பதில் கிடைத்துவிட்டால் இந்த ஊரில் குடியிருப்பதன் நல்லது கெட்டதில் முக்கால்வாசி தெரிந்துவிடும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கடலை ஒட்டிய முதல் வரிசை வீடு வேண்டாம். அரை கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி, கொஞ்சம் மேடான தெருவில், நடந்து போய்க் கடலைப் பார்த்துவிட்டு வரும் தூரத்தில் வீடு பிடியுங்கள். கடற்காற்று அங்கேயும் வரும். உப்பு மட்டும் குறைந்து வரும்.

உப்பு செய்யும் வேலை

அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் காய்ந்து உப்புத்தூளாகக் கரையேறுகின்றன. பகலில் அது இரும்பின் மேல் தூசியாகப் படிந்து கிடக்கும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரைகிறது. புதுச்சேரியில் பெரும்பாலான இரவுகளில் ஈரப்பதம் இதைத் தாண்டிவிடும். ஆகவே மழையே பெய்யாத மாதத்திலும் உங்கள் கேட்டும் கிரில்லும் இரவுதோறும் உப்புத் தண்ணீரில் நனைகின்றன.

இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. மழையில் நனையும் பக்கத்தைவிட, நனையாத பக்கம்தான் சீக்கிரம் துருப்பிடிக்கும். நனையும் பக்கத்தை மழை கழுவிவிடுகிறது. சன்ஷேடுக்கு அடியில் இருக்கும் கிரில், கேட்டின் உள்பக்கம், பால்கனிக் கைப்பிடியின் அடிப்பகுதி ஆகியவற்றில் உப்பு சேர்ந்துகொண்டே போகும். வீடு பார்க்கப் போகும்போது அந்த இடங்களைக் குனிந்து பாருங்கள். பெயின்ட் புதிதாக இருந்தாலும் அடியில் கொப்புளம் தெரியும்.

இன்னும் இரண்டு சோதனை. கிழக்கு ஜன்னல் கண்ணாடியை வெளிப்பக்கம் விரலால் தேயுங்கள். தூசி என்றால் உதிரும், உப்பு என்றால் பிசுபிசுக்கும். பிறகு மொட்டைமாடிக்குப் போய் அக்கம்பக்கத்து ஏசி வெளியலகுகளைப் பாருங்கள். நான்கைந்து வருடம்கூட ஆகாதவற்றின் தகடு செதில் செதிலாக உரிந்திருந்தால், அந்தத் தெரு உப்புத் தெரு. கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே உயரமான கட்டடமோ அடர்ந்த மரமோ இருந்தால் நிலைமை வேறு. முன்வரிசை உப்பை வாங்கிக்கொண்டு பின்வரிசையைக் காப்பாற்றும். 300 மீட்டரில் மறைவில் இருக்கும் வீடு, 600 மீட்டரில் வெட்டவெளியில் இருப்பதைவிடத் தேவலாம்.

பொருள் வாங்கும்போது கவனிக்க வேண்டியவை: எவர்சில்வர் கைப்பிடி என்று கடையில் கொடுப்பது பெரும்பாலும் 304 ரகம். கடலோரத்தில் அதில் சில மாதங்களிலேயே தேநீர்க்கறை போலப் பழுப்பு படியும். வெளிவேலைக்கு 316 ரகம் கேளுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கறையோடு நிற்காமல் குழிக்குழியாக அரித்துப்போகும் தொல்லை மிகவும் குறையும். இரும்பு கிரில் போட்டே ஆக வேண்டுமென்றால் வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகு முழுச் சட்டத்தையும் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கச் சொல்லுங்கள். முக்கி எடுத்த பிறகு வெல்டிங் வைத்தால் வைத்த இடத்திலிருந்தே துரு கிளம்பும். ஜன்னலுக்கு யுபிவிசி நல்லது. ஆனால் பட்டறைக்காரர் உள்ளே சாதாரண இரும்புத் திருகைப் போட்டுவிடுவார், இரண்டாம் மழைக்காலத்தில் சட்டத்திலிருந்து பழுப்பு நீர் வழியும். திருகும் 316 வேண்டும் என்று விலைப்பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். மரக்கதவுக்குப் பித்தளைக் கீல். பழைய ஆட்கள் அதைத்தான் போட்டார்கள், அது இன்றும் நிற்கிறது.

ஏசி தனிக் கதை. வெளியலகைக் கடல் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள். மேற்கு அல்லது வடக்குச் சுவரில், கட்டடமே மறைவாக நிற்கும்படி மாட்டுங்கள். செப்புக்குழாய் இருந்தால் போதாது. செம்பும் அலுமினியத் தகடும் உரசும் இடத்தில் உப்பு ஈரம் பட்டால் அலுமினியம்தான் முதலில் கரையும். தகட்டுக்குப் பாதுகாப்புப் பூச்சு உள்ள ரகத்தை வாங்கி, மாதம் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மெல்லிய வேகத்தில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உப்பு போர்த் தண்ணீரில் கழுவுவது கழுவாமல் விடுவதைவிட மோசம். வாடகை வீட்டில் பழைய ஏசியைக் கொடுக்கிறார்கள் என்றால் கேஸ் கசிவுக்கு யார் செலவு என்பதை ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள். இந்த ஊரில் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் அடிக்கடி வரும் தகராறு அதுதான்.

மின்சாரத்தில் ஆபத்து வெளியே தெரியாது. ஸ்விட்சின் உள்ளே பித்தளைத் தொடுமுனை பச்சைபூத்துத் தளரும், தளர்ந்த இடம் சூடாகும், பிளாஸ்டிக் கருகும். மீன் வாடை போல ஒரு நாற்றம் வந்தால் சமையலறையைத் தேடாதீர்கள், ஸ்விட்ச்போர்டைத் தேடுங்கள். மீட்டர்ப் பெட்டியும் எம்சிபி பெட்டியும் கடற்பக்கச் சுவரில் இருக்கக்கூடாது. மின்கசிவு வந்ததும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்று கட்டாயம் வேண்டும். அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். எர்த் கம்பி மண்ணுக்குள் அரித்துப்போயிருக்கும் வாய்ப்பு இங்கே அதிகம். குடிவரும்முன் எலக்ட்ரீஷியனை மீட்டரோடு வரவழைத்து அளக்கச் சொல்லுங்கள். டெஸ்டரில் விளக்கு எரிகிறது என்பது எர்த்துக்குச் சான்று ஆகாது.

துணிமணி, நகைநட்டு: பட்டுப்புடவையின் ஜரிகை கறுப்பது இங்கே சாதாரணம். பிளாஸ்டிக் உறையில் போட்டால் ஈரம் உள்ளே அடைந்து இன்னும் கறுக்கும். மல் துணியில் சுற்றி, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றி வையுங்கள். பீரோவைச் சுவரில் ஒட்டவிடாமல் நான்கு விரல் இடைவெளி விடுங்கள். அப்பளம், வடகம் டப்பாவை ஐப்பசி பிறந்ததும் இறுக மூடிவிட வேண்டும், இல்லையென்றால் பொரியாது.

கூரையைத் தட்டிப் பாருங்கள்

உப்பு கான்கிரீட்டுக்குள்ளும் போகும். குளோரைடு கம்பியைத் தொட்டதும் கம்பி துருப்பிடித்துப் பருக்கும். பருத்த கம்பி கான்கிரீட்டை உள்ளிருந்து பிளந்து தள்ளும். பழைய அடுக்குமாடிகளில் படுக்கையறைக் கூரை பெயர்ந்து விழுவது இதனால்தான், கொத்தனார் பூச்சு சரியில்லை என்பதால் மட்டும் அல்ல.

வீடு பார்க்கும்போது ஒரு மூங்கில் கழியை எடுத்துப்போய்க் கூரையைத் தட்டுங்கள். நல்ல கான்கிரீட் கெட்டியாக ஒலிக்கும், விட்டுப்போன இடம் டப்பென்று பொள்ளலாக ஒலிக்கும். கம்பி ஓடும் வாக்கில் நேர்கோட்டில் பழுப்பு விரிசல் இருக்கிறதா பாருங்கள். குளியலறைக் கூரை, பால்கனியின் அடிப்பக்கம், மேல்நிலைத் தொட்டியின் கால்கள், இந்த மூன்றும்தான் முதலில் போகும். அங்கே புதுப் பூச்சின் திட்டு தெரிந்தால் வீட்டுக்காரர் மறைத்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். துருவின் மேலேயே சிமென்ட் பூசினால் இரண்டு மூன்று வருடத்தில் மறுபடி விழும். முறையான பழுதுபார்ப்பு என்றால் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி எடுத்து, கம்பியைப் பளபளவென்று தேய்த்து, துருத்தடுப்புப் பூசி, மெலிந்துபோன கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, பாலிமர் கலந்த கலவையால் நிரப்ப வேண்டும்.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிர்ணயம் தெளிவாகவே சொல்கிறது. கடலோரக் காற்றுக்குத் திறந்து நிற்கும் கான்கிரீட் "கடுமையான" வகையில் வரும். அதற்குக் குறைந்தது எம்30 தரம், கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம்), ஒரு கனமீட்டருக்கு 320 கிலோ சிமென்ட், சிமென்ட் எடையில் 0.45 பங்குக்கு மேல் போகாத தண்ணீர். அலைத்துளி நேரே தெறிக்கும் இடமென்றால் எம்35, 50 மில்லிமீட்டர். உள்ளூரில் வழக்கமாகப் போடுவது எம்20, கவர் அரையங்குலம் ஒரு அங்குலம். கவர் பிளாக் வைக்காமல் ஜல்லிக்கல்லை முட்டுக்கொடுத்துக் கம்பியைத் தூக்குவார்கள், கான்கிரீட் போடும்போது கல் நழுவிக் கம்பி தகட்டோடு படுத்துவிடும். சென்ட்ரிங் மேல் நீங்களே ஏறி, அளவுகோல் வைத்துப் பாருங்கள். கலவைக்கும், பிறகு கான்கிரீட்டை நனைத்து வைப்பதற்கும் எந்தத் தண்ணீர் என்பது அதைவிட முக்கியம். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. கடலோர மனையின் போர் பல சமயம் தாண்டும். ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்கூடத்தில் கொடுப்பதற்கு ஆகும் செலவு, ஒரு மூட்டை சிமென்ட் விலையைச் சுற்றித்தான் இருக்கும்.

பழைய வீடு பிடிக்கிறவர்களுக்கு

நகரைப் பிரிக்கும் பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, ஒயிட் டவுன் என்ற பகுதியில், பிரெஞ்சுக்காரர் கட்டிய வீடுகள், மேற்கே திண்ணையும் தாழ்வாரமும் உள்ள தமிழர் வீடுகள். இரண்டும் செங்கல்லும் சுண்ணாம்பும். வைசியாள் வீதிப் புதுப்பிப்புக்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்த பிறகு இவற்றின் மதிப்பு ஏறிவிட்டது.

தரையிலிருந்து சுவரில் ஈரம் ஏறுவதை இங்கே ஓதம் என்பார்கள். கடல் பொங்குவதற்கும் அதே சொல்தான், இந்த ஊருக்குப் பொருத்தமான சொல். சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிடும், ஏறிய ஓதம் பூச்சின் வழியே வெளியேறிவிடும். அதன் மேல் சிமென்ட் பூசி, எமல்ஷன் அடித்தால் ஈரம் சிக்கிக்கொண்டு இன்னும் உயரே ஏறும். உப்பு உள்ளேயே பூத்துச் செங்கல்லைப் பொடியாக்கும். இரண்டடி உயரத்தில் இருந்த கறை ஐந்தடிக்குப் போனது ஏன் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் நடுவில் ஒருமுறை சிமென்ட் பூசியவர்களாக இருப்பார்கள். பெயர்ந்த இடத்தைச் சுண்ணாம்புச் சாந்தால்தான் ஒட்ட வேண்டும், மேலே சுண்ணாம்பு வெள்ளை. வருடம் ஒருமுறை அடிக்க வேண்டியிருக்கும். அந்த வேலைக்கு மனம் இல்லாதவர்கள் பழைய வீட்டை வாங்க வேண்டாம்.

பத்திரம் பார்ப்பதிலும் இந்த ஊருக்கு ஒரு தனித்தன்மை. மூலப்பத்திரங்கள் பிரெஞ்சில், நோத்தேர் என்ற பிரெஞ்சு முறைப் பத்திர அலுவலர் எழுதியவையாக இருக்கலாம். பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்ற குடும்பங்களின் வாரிசுரிமை, இந்து வாரிசுரிமைச் சட்டத்திலிருந்து மாறுபடும். வாரிசுகளில் சிலர் பிரான்சில் இருப்பார்கள். பிரெஞ்சு படிக்கத் தெரிந்த உள்ளூர் வழக்கறிஞர் இல்லாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். வில்லங்கச் சான்று மட்டும் போதாது, அது பதிவானதை மட்டுமே காட்டும்.

தண்ணீர்

புதுச்சேரி நகரம் குடிப்பது நிலத்தடி நீரை. ஆற்றுநீர்த் திட்டம் கிடையாது. கடலோரத்தில் மேல்மட்ட நீரை அதிகம் இறைத்தால் கடல் உள்ளே வருகிறது. கரையை ஒட்டிய பகுதிகளில் கிணறும் ஆழமில்லாத போரும் கரிப்பது இதனால்தான். நகராட்சிக் குழாயிலும் பகுதிக்குப் பகுதி ருசி மாறும்.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். வீடு பார்க்கப் போகும்போது பையில் இருக்கட்டும். சம்ப், போர், சமையலறைக் குழாய் மூன்றிலும் தனித்தனியே அளங்கள். லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்ல தண்ணீர். வேறு வழியே இல்லாதபோது 2000 வரை இந்தியத் தரநிர்ணயம் அனுமதிக்கிறது. 2000ஐத் தாண்டினால் வீட்டு ஆர்.ஓ. திணறும், மெம்பரேன் சீக்கிரம் போகும். அளவை மே மாதத்தில் எடுத்தால்தான் உண்மை தெரியும். மார்கழியில் எல்லார் வீட்டுத் தண்ணீரும் இனிக்கும்.

உப்பும் கடினத்தன்மையும் வேறு வேறு. சோப்பு நுரைக்கவில்லை, கீசர் கம்பியில் வெள்ளைக் காறை படிகிறது என்றால் அது கடினநீர், அதற்கு சாஃப்ட்னர் உதவும். கரிக்கிறது என்றால் சாஃப்ட்னர் ஒரு பைசாவுக்கு உதவாது. அது கால்சியத்தை எடுத்துவிட்டுச் சோடியத்தை வைக்கிறது, டி.டி.எஸ். குறையாது. இதைச் சொல்லாமல் விற்றுவிட்டுப் போகிறவர்கள் உண்டு.

சொந்த வீடென்றால் மழைநீரைப் பிடியுங்கள். இங்கே வருடத்துக்குச் சுமார் 1200 மில்லிமீட்டர் மழை, பெரும்பங்கு ஐப்பசி கார்த்திகையில். ஆயிரம் சதுரஅடி மொட்டைமாடியில் ஒரு சென்டிமீட்டர் பெய்தால் 930 லிட்டர். வீணாவது போக வருடத்தில் எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் லிட்டர் கிடைக்கும். முதல் மழையைத் திருப்பிவிட ஒரு வால்வு வையுங்கள். கடலோர மாடியின் முதல் மழைநீரில் உப்பும் காக்கை எச்சமும்தான் இருக்கும்.

எந்தப் பகுதி, எந்தத் தெரு

வெள்ளம் கடலிலிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டு உள்ளே போகிறார்கள். புதுச்சேரியில் மழைவெள்ளம் தேங்குவது கடற்கரைச் சாலையில் அல்ல, உள்ளே இருக்கும் பள்ளங்களில். ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர், இந்திரா காந்தி சிலைச் சதுக்கம் ஆகியவை கனமழைக்கு ஒவ்வொரு முறையும் பேர் வாங்கும் இடங்கள். 2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் ஊருக்கு அருகே கரைகடந்து மணிக்கணக்கில் நகராமல் நின்றபோது ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் கொட்டியது. அந்த ஒரு நாளை அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். வீடு பார்க்கும் தெருவில் பெட்டிக்கடைக்காரரிடமும் இஸ்திரி போடுகிறவரிடமும், "பெஞ்சலுக்கு எதுவரை நின்றது?" என்று கேட்டால் கையால் காட்டுவார்கள். தரகர் காட்ட மாட்டார். கோரிமேடு என்ற பெயரிலேயே மேடு இருக்கிறது. லாஸ்பேட்டையின் உயரமான பகுதிகளும் தேவலாம்.

கடற்கரையை நம்பி வடக்கே போகிறவர்களுக்கு வேறு சிக்கல். 1980களின் இறுதியில் அரியாங்குப்பம் ஆற்றின் முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். இந்தக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. சுவர் அதை மறித்தது, தெற்கே மணல் சேர்ந்தது, வடக்கே நகரத்தின் கடற்கரை கரைந்துபோய்ப் பாறாங்கல் மட்டும் மிஞ்சியது. நகரத்துக்குக் கல் கொட்டினால் அரிப்பு அடுத்த ஊருக்கு நகரும். கோட்டக்குப்பம், சின்ன முதலியார்சாவடி, பொம்மையார்பாளையம், பிள்ளைச்சாவடி என்று அது ஏறிக்கொண்டே போனது. தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் 2018இல் தலைமைச் செயலகம் அருகே கடலுக்குள் அமைத்த செயற்கைத் திட்டால் நகரத்தில் கொஞ்சம் மணல் திரும்பியது. வடக்கே மனை வாங்க நினைத்தால் கூகுள் எர்த்தில் பழைய படங்களை 2005 வாக்கிலிருந்து வரிசையாகப் பாருங்கள். அதே தென்னந்தோப்பு, அதே சுவர் ஒவ்வொரு படத்திலும் கடலுக்கு எத்தனை மீட்டர் என்று அதிலேயே அளக்கலாம். இருபது வருடத்தில் முப்பது மீட்டர் போயிருந்தால் மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

எல்லையும் சிக்கலானது. இரண்டு தெரு தள்ளினால் தமிழ்நாடு. கோட்டக்குப்பமும் ஆரோவில்லின் பெரும்பகுதியும் விழுப்புரம் மாவட்டம், அதற்கும் வடக்கே காலாப்பட்டு மறுபடி புதுச்சேரி. மின்கட்டணம், பத்திரப்பதிவு, ரேஷன், பள்ளி இடஒதுக்கீடு எல்லாம் அதன்படி மாறும். தமிழ்நாட்டுப் பக்கம் வீட்டு மின்சாரத்தில் முதல் 100 யூனிட் இலவசம். புதுச்சேரிப் பக்கம் பெட்ரோல் மலிவு. வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் பி.ஒய். எண்ணுக்கு மாற்ற வேண்டும். பழைய மாநிலத்தில் தடையின்மைச் சான்று வாங்கிவிட்டு வந்தால் ஒரு அலைச்சல் மிச்சம்.

கட்டுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். உயர்அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்காற்று மண்டலம். உப்பங்கழி, சுண்ணாம்பாறு ஓரங்களும் இதற்குள் வரலாம். ஊர்ப்பகுதியில் ஏற்கெனவே உள்ள சாலைக்கு நிலப்பக்கமாகக் கட்ட இடம் உண்டு, கடற்பக்கமாக இல்லை. சர்வே எண்ணைக் கொடுத்துக் கடலோர மேலாண்மை ஆணையத்திலும் நகரத் திட்டக் குழுமத்திலும் எழுத்தில் பதில் வாங்கிய பிறகு அட்வான்ஸ் கொடுங்கள். "பக்கத்து ரிசார்ட் கட்டியிருக்கிறாரே" என்பது அனுமதி ஆகாது.

புயல் மாதங்கள்

1952 புயலில் கடலுக்குள் நீண்டிருந்த பழைய துறைமுகப் பாலம் போனது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரைகடந்து, ஊரின் மரங்களைச் சாய்த்து, பல நாள் இருட்டில் வைத்தது. இங்கே குடியிருக்கிறவருக்குப் புயல் என்பது வரலாம் என்ற விஷயம் அல்ல, எப்போது என்ற விஷயம்.

துறைமுகத்தில் ஏற்றும் எச்சரிக்கைக் கூண்டைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். 1, 2 என்றால் தூரத்தில் உருவாகிறது. 5 முதல் 7 வரை அபாயம். 8, 9, 10 பேரபாயம், அதற்குள் வேலை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். 5 ஏறியதும் செய்ய வேண்டியவை: மொட்டைமாடிப் பூந்தொட்டிகளை இறக்குவது, மழைநீர்க் குழாய் வாயில் இலை அடைத்திருந்தால் எடுப்பது, மேல்நிலைத் தொட்டியை நிரப்பி மூடியைக் கயிற்றால் கட்டுவது. காலித் தொட்டி பறக்கும், நிரம்பிய தொட்டி பறக்காது. நான்கு பேருக்கு மூன்று நாளுக்குக் குடிக்கச் சமைக்க இரண்டு கேன், அதாவது 40 லிட்டர். புழங்க 600 லிட்டர். மின்சாரம் இல்லாமல் மோட்டார் ஓடாது என்பது மூன்றாம் நாள்தான் எல்லாருக்கும் உறைக்கிறது.

150 ஆம்பியர்-மணி பேட்டரியில் பழைய 75 வாட் விசிறி இரண்டும் மூன்று பல்பும் ஓட்டினால் ஏழு மணி நேரம் வரும். குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிஎல்டிசி விசிறியாக மாற்றியிருந்தால் அதே பேட்டரி இரவு முழுக்கத் தாங்கும். புயலின் கண் மேலே வந்தால் காற்று திடீரென்று நின்றுவிடும். வெளியே போகாதீர்கள், அரைமணியிலோ ஒரு மணியிலோ எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். தண்ணீரில் நின்ற காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறி உடைந்தால் சாதாரணக் காப்பீடு கொடுக்காது, எஞ்சின் பாதுகாப்பு என்று தனியாகச் சேர்த்திருக்க வேண்டும். வீட்டுக்கு 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்கும் பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில் புயலும் வெள்ளமும் அடக்கம்.

இவ்வளவுக்கும் ஏன் இங்கே இருக்கிறார்கள்

கோரிமேட்டில் ஜிப்மர் இருக்கிறது. இந்த அளவு ஊரில் அப்படியொரு மருத்துவமனை கிடைப்பது அபூர்வம். ஓய்வுபெற்றவர்கள் பலர் இதற்காகவே வருகிறார்கள். கடற்கரைச் சாலையில் மாலை ஆறிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விடுவதில்லை. காலை ஐந்தரைக்குப் போனால் ஊரே நடந்துகொண்டிருக்கும். சித்திரை வெயிலிலும் பிற்பகலில் கொண்டல் என்ற கீழ்க்காற்று எழுந்துவிட்டால் கிழக்கும் தென்கிழக்கும் ஜன்னல் உள்ள வீடு பிழைத்துக்கொள்ளும். மேல்காற்று பலமாக வீசும் நாளில் மட்டும் கடற்காற்று தாமதமாகும், அன்று புழுங்கித் தீரும். மீன் புதிதாகக் கிடைக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுத் தடைக்காலத்தில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்காமல் இருப்பது நல்லது. அப்போது சிறு படகில் வரும் கிழங்கானும் மத்தியும் வாங்குங்கள்.

வேலைதான் பலவீனம். வெளியூர்ச் சம்பளம், ஓய்வூதியம், வீட்டிலிருந்தே வேலை, இவற்றில் ஒன்று இருப்பவர்களுக்கே இந்த ஊர் சுகம். சென்னை 150 கிலோமீட்டர், ரயில் குறைவு, பெரிய விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து ஞாயிறு இரவு வரை ஒயிட் டவுன் உங்களுடையது இல்லை. வாசலில் கார், திண்ணையில் படம் எடுப்பவர்கள், பக்கத்து வீடு விருந்தினர் விடுதியாக மாறியிருந்தால் நள்ளிரவுப் பாட்டு. அந்தப் பகுதியில் வீடு பார்ப்பவர்கள் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு ஒருமுறை போய்ப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது. கடலில் குளிப்பது பற்றி ஒரே வரி: ஊர்க்கரையில் இறங்காதீர்கள், உள்ளிழுக்கும் நீரோட்டம் நீச்சல் தெரிந்தவரையும் கொண்டுபோகும்.

வாங்குவதற்கு முன் ஒரு பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் போடுங்கள், ஆவணியில் குடியேறுகிற மாதிரி. ஐப்பசியில் தெரு எவ்வளவு நிற்கிறது, கார்த்திகையில் எந்தச் சுவர் ஓதம் வாங்குகிறது, தையில் எத்தனை சனிக்கிழமை தூக்கம் போகிறது, மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் பக்கம் எந்தத் தெருவெல்லாம் அடைபடுகிறது, வைகாசியில் டி.டி.எஸ். மீட்டர் எந்த எண்ணைக் காட்டுகிறது என்று ஒரு நோட்டில் குறித்துவாருங்கள். ஒரு புதிய இரும்பு ஆணியையும் மொட்டைமாடியில் மழைபடாத மூலையில் போட்டு வையுங்கள். ஆனியில் ஒப்பந்தம் முடியும்போது அந்த ஆணியை எடுத்துப் பாருங்கள், பிறகு தரகருக்குப் போன் செய்யுங்கள்.